மூன்றாவது கம்பி

அத்தியாயம் 17

ஐந்து வாரமாக அந்த வீட்டில் இட்லிக்குச் சட்னி இருக்கிறதோ இல்லையோ, அமல்ராஜின் அந்த ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கிறது.

"மூஞ்சிக்குக் கம்பி வெச்சு நான் பண்ணிக் குடுத்தேன். அத்த மாட்டிக்கினு நிக்க இவனுக்கு இன்னா கேடு?"

மகனைப் பார்த்துச் சொல்ல மாட்டார். சாம்பார்க் கிண்ணத்தைப் பார்த்துச் சொல்வார். கிண்ணம் பதில் பேசாது. மகனும் பேச மாட்டான்.

போன வாரம் கதையை நான் விட்ட இடத்துக்காக எனக்குக் கிடைத்த வசவு கொஞ்சமல்ல. "விக்ரமுக்குக் கண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், உங்கள் பேனாவில்தானே இருக்கிறது?" என்று அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். என் பேனாவில் அவ்வளவு மை இருந்தால் நான் ஏன் இப்படித் தூக்கம் கெட்டு அலைகிறேன், அம்மா?

இந்த வாரம்தான் முதல் முறையாகப் படிக்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமல்ராஜ் ஆவடி தொழிற்சாலையில் டேங்குகளுக்கு வெல்டிங் வைப்பவர். முப்பத்து நாலு வருட சர்வீஸ், ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். மனைவி சரசா. ஒரே மகன் விக்ரம், பேஸ்பால் ஆட்டத்தில் கேட்சர். மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மணிக்கு நூற்று முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தைப் பிடிப்பது அவன் பிழைப்பு. முகத்துக்குக் கம்பிக் கூண்டு வைத்த மாஸ்க்தான் காவல். மாநில அணிக்கு ஆறு வருடம் ஆடியவன், வளைகுடா நாட்டு லீக் ஒன்றில் ஒப்பந்தம் கிடைத்து இரண்டு சீசன் ஆடினான். மூன்றாவது சீசனுக்கான கடிதமும் வந்துவிட்டது. டாக்டர் சான்றிதழ்தான் பாக்கி.

ஐந்து வாரத்துக்கு முன்னால், இரண்டாவது சீசன் முடியும் முன்பே, மட்டையில் உரசிய பந்து திசை மாறி அவன் இடது கண்ணில் அடித்தது. "அவசரத்துல மாஸ்க் போடாம உக்காந்துட்டேன்" என்று வீட்டில் சொன்னான். அது பொய் என்பதை மனைவி நிஷாவிடம் மட்டும் போன வாரம் ஒப்புக்கொண்டான்.

அவன் மாஸ்க் போட்டிருந்தான். மாஸ்க்தான் உடைந்தது. அப்பா வெல்டிங் வைத்துக் கொடுத்த மூன்றாவது கம்பி.

இன்று வியாழக்கிழமை. கண் ஆஸ்பத்திரியில் கடைசித் தீர்ப்பு.

விக்ரம் சொம்பை எடுத்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினான். தண்ணீர் டம்ளருக்கு இரண்டு விரற்கடை தள்ளி மேஜையில் விழுந்து, அமல்ராஜின் தட்டு வரைக்கும் ஓடி வந்தது. ஊற்றுகிறவனுக்கு அது தெரியவே இல்லை. சரசா பதறிப்போய்த் துணியை எடுத்து வந்தாள்.

அமல்ராஜ் தண்ணீரைப் பார்த்தார். இன்றைக்கு அந்த வாக்கியத்தை இரண்டாவது தடவை சொல்ல வாய் வரவில்லை. பாதி இட்லியை வைத்துவிட்டு எழுந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"அத்தை, நாங்க பன்னெண்டு மணிக்குள்ள வந்துருவோம்" என்றாள் நிஷா. அவள் திருச்சிக்காரி. அம்பத்தூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. இன்றைக்கு லீவு சொல்லியிருந்தாள்.

சரசா மகனின் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மெட்ரோ தூண்களுக்கு நடுவே பஸ் நகர்ந்து போய்ச் சேர பத்தரை ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தபோது விக்ரமின் வலது கை அவன் தொடைகளுக்கு நடுவே போய் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தது.

கேட்சர்களின் பாஷை அது. வீசுகிறவன் எந்தப் பந்தை வீச வேண்டும் என்று கேட்சர்தான் சைகை காட்டுவான். ஒரு விரல் என்றால் நேர் வேகம், இரண்டு விரல் என்றால் வளைவு. எல்லா விரலையும் மடக்கினால் "வீசாதே, நில்" என்று அர்த்தம். வீசுகிறவனுக்குச் சம்மதம் இல்லையென்றால் தலையை ஆட்டி மறுக்கலாம். பந்து வீசும் பிட்சர்கள் எல்லோரும் மறுப்பார்கள், தேவாவைத் தவிர. தேவா ஐயப்பன்தாங்கல்காரன், பதினொரு வருடமாக, இப்போது வளைகுடா லீக்கிலும், விக்ரமுக்கு வீசுகிறவன். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட விக்ரமின் சைகைக்குத் தலையை ஆட்டியதில்லை. "நீதான் மச்சான் மொத்த கிரவுண்டையும் பாக்கறே. நான் உன்ன மட்டும் பாத்தா போதும்" என்பான்.

"யாருக்குச் சைகை காட்டற?" என்றாள் நிஷா.

விக்ரம் கையைப் பார்த்துவிட்டு எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "பழக்கம்."

டாக்டர் சுரேகா படங்களைப் பார்த்தார். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறகு தன் பேனாவைக் கழற்றி, மூடியை அவனிடம் கொடுத்து, பேனாவை நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

"இதை மூடுங்க."

விக்ரம் மூடியைக் கொண்டுபோனான். மூடி பேனாவை எட்டுமுன்பே வெறும் காற்றில் அமுங்கி நின்றது. இரண்டாவது தடவை பேனாவைத் தாண்டிப் போனது. மூன்றாவது தடவை டாக்டரின் கட்டை விரலில் முட்டியது. நிஷா சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"இடது கண்ணோட நடுப் பார்வை போயிடுச்சு விக்ரம். தழும்பு விழுந்திருக்கு. அது திரும்பாது." டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். "ஒரு கண்ணால எல்லாம் பண்ணலாம். படிக்கலாம், வேலைக்குப் போகலாம். தண்ணி ஊத்தறதெல்லாம் நாலஞ்சு மாசத்துல பழகிடும். ஆனா எது எவ்வளவு கிட்ட வருதுன்னு சொல்ல ரெண்டு கண்ணும் வேணும். பந்துக்கு முன்னாடி மட்டும் நிக்காதீங்க. நான் சான்றிதழ் குடுக்க முடியாது."

"ஸ்லோ பால் டாக்டர்? பிராக்டீஸுக்கு மட்டும்?"

டாக்டர் பேனாவைத் தானே மூடி வைத்துக்கொண்டார்.

பதின்மூன்று வயதில், பள்ளிக்கூட மைதானத்தில், "மட்டைக்குப் பின்னாடி யார் நிக்கறீங்க?" என்று பி.டி. மாஸ்டர் கேட்டபோது எல்லாப் பையன்களும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். விக்ரம் ஓடவில்லை. தைரியத்தினால் அல்ல, அன்றைக்குச் செருப்பு அறுந்திருந்தது. அங்கே உட்கார்ந்தவன்தான். மற்ற எட்டுப் பேரும் ஒரு பக்கம் பார்த்து நிற்க, அவன் ஒருவன் மட்டும் எல்லோரையும் பார்த்து உட்கார்ந்திருப்பான். பதினேழு வருடம் அப்படி உட்கார்ந்தவனை ஒரு பேனா மூடி எழுப்பி வெளியே அனுப்பிவிட்டது.

வாசலில் வெயில். மெட்ரோ வேலைக்கு அடைத்த தகரத்தின் நிழலில் இருவரும் நின்றார்கள். நிஷா அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் அழுகை வராது.

"வீட்டுக்குப் போனதும் மாமாகிட்ட உண்மையைச் சொல்லிடு."

"மாட்டேன்."

"அஞ்சு வாரமா உன்னைத் திட்டறார் விக்கி. தெனம். நீ என்னமோ பொறுப்பில்லாதவன் மாதிரி. இன்னிக்கு உன் வேலையும் போச்சு. இன்னும் எதுக்கு அந்தப் பொய்?"

"திட்டட்டுமே. திட்டினா அவருக்கு ஒண்ணும் ஆவாது. தெரிஞ்சா அவரு கையில வெல்டிங் டார்ச்சப் புடிப்பாரா? இன்னும் எட்டு மாசம் சர்வீஸ் கீது. மனுஷனுக்கு அந்தக் கை ஒண்ணுதான் பெருமை."

அமல்ராஜ் அந்தக் கம்பிக்கு வெல்டிங் வைத்தது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மாஸ்க்கின் மூன்றாவது கம்பியில் விரிசல் விட்டிருப்பதை விக்ரம் அன்றைக்குத்தான் பார்த்தான். சாயந்திரமே ஏர்போர்ட்டுக்குக் கிளம்ப வேண்டும். "இதுக்குப் போயி புதுசு வாங்குவியா?" என்று அமல்ராஜ் அதைப் பிடுங்கிக்கொண்டு, மகனையும் பின்னால் உட்கார வைத்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் சிநேகிதர் ஜெயராமனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். அங்கே மெஷின்களைக் கழுவித் துடைத்து, பொட்டு வைக்கத் தயாராக நிறுத்தியிருந்தார்கள். "நாளைக்குப் பூஜைய்யா, எல்லாம் கழுவியாச்சு" என்று ஜெயராமன் தடுத்தார். "அஞ்சு நிமிஷம்ப்பா, என் புள்ள கிளம்பணும்" என்று கெஞ்சி வாங்கி, வெல்டிங் வைத்து, சூடு ஆறக் காத்திராமல் மெஷின் கழுவிய வாளித் தண்ணீரில் முக்கினார். சொய்யென்று சத்தம் வந்தது. தேய்த்து வழவழப்பாக்கி மகன் கையில் கொடுத்தார். "நகத்தால தடவிப் பாரு, ஜாயின்ட் எங்க கீதுன்னு சொல்லு பாக்கலாம்" என்று சிரித்தார். விக்ரமால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"கிளப்ல எல்லாருக்கும் புதுசு குடுப்பாங்களே?" என்றாள் நிஷா திடீரென்று. "உனக்குக் குடுக்கலையா?"

விக்ரம் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"விக்கி."

"குடுத்தாங்க. பையில கீது."

"புதுசு கையில இருந்தும் இதையா போட்டே?"

"நைனா செஞ்சு குடுத்தது நிஷா. ஒவ்வொரு மேட்ச் முடிஞ்சதும் போன் பண்ணுவாரு. எத்தினி ரன்னுன்னு கேக்க மாட்டாரு. ஆட்டமே அவருக்குத் தெரியாது. 'கம்பி எப்பிடி கீது?'ன்னு கேப்பாரு. 'சூப்பரா கீது நைனா'ன்னு சொல்லுவேன். போடாம எப்பிடிப் பொய் சொல்றது?"

அதற்குப் பிறகு நிஷாவின் கோபம் கரைந்துவிட்டது, அழுகைதான் வந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகிற கூட்டத்தில் ஒரு அம்மாள் நின்று, ஆஸ்பத்திரி போர்டையும் இவளையும் பார்த்துவிட்டு, "கண்ணு ஆபரேசனா? நல்லாயிடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போதுதான் தேவாவின் போன் வந்தது. சீசன் முடிந்து அன்று காலைதான் சென்னையில் இறங்கியிருந்தான். விக்ரமின் பை அவனிடம் இருந்தது.

"மச்சான், ஏர்போர்ட்லேந்து நேரா உங்க ஊட்டுக்குத்தான் வந்துகிறேன். பையக் குடுத்துட்டேன்."

"யார் கையில?"

"நைனா கையில."

"அவரு ஃபேக்டரிக்கில்ல போனாரு?"

"பாதியில திரும்பி வந்துட்டாராம். உனக்கு ரிசல்ட்டு வர்ற நாளு, மனசு நிக்கலன்னு லீவு சொல்ட்டாராம்."

"தேவா. அந்த மாஸ்க்க அங்கயே தூக்கிப் போடச் சொன்னேனேடா."

"குப்பைத்தொட்டி வரிக்கும் எடுத்துக்கினு போனேன் மச்சான். உன் ரத்தம் கீது அதுல. போட முடில. துணிக்கு அடியில சுருட்டி வெச்சிருந்தேன்."

"இப்ப எங்க கீது?"

"அம்மா ஜெர்சியத் தோய்க்கணும்னு பையக் கவுத்துட்டாங்க." தேவாவின் குரல் இறங்கியது. "நைனா கையில கீது. ஜன்னலாண்ட குந்திக்கினு பாத்துகினே கீறாரு. ஒரு வார்த்தை பேசல. சீக்கிரம் வா."

ஆட்டோ ஆவடிக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. வழியெல்லாம் விக்ரம் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வந்தான். யோசிக்க அவனுக்குப் பழக்கம் உண்டு. எதிராளி என்ன செய்வான் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிற தொழில்தான் அவனுடையது. ஆனால் எதிரே இருக்கப் போவது அப்பா.

குவார்ட்டர்ஸ் கதவு திறந்தே இருந்தது. அமல்ராஜ் பனியனோடு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். முன்னால் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் உடைந்த மாஸ்க். பக்கத்தில் இன்னும் கண்ணாடிக் காகிதம் பிரிக்காத புது மாஸ்க். சரசா சமையலறை வாசலில் ஜெர்சியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நாற்காலி நுனியில் தேவா. அவன் காப்பி ஆடை கட்டிப் போயிருந்தது.

"டாக்டரு இன்னா சொன்னாங்க?" என்றார் அமல்ராஜ். தலையை நிமிர்த்தவில்லை.

"நல்லா கீதுன்னாங்க நைனா. கொஞ்ச நாள் போனா ஆடலாம்னாங்க."

நிஷா தரையைப் பார்த்தாள். அமல்ராஜ் திறந்து கிடந்த பையில் கையை விட்டார். ஒரு பந்தை எடுத்தார்.

"புடி."

வேகமாக எறியவில்லை. விக்ரமுக்கு மூன்று வயதாயிருந்தபோது, இதே அறையில், சுருட்டிய காலுறையை எறிவாரே, அப்படித்தான் எறிந்தார். விக்ரமின் கை உயர்ந்தது. காற்றை மூடியது. பந்து அவன் தோளில் பட்டு, தரையில் உருண்டு, கட்டிலுக்கு அடியில் போனது.

அமல்ராஜ் முட்டி போட்டுக் கட்டிலுக்கு அடியில் குனிந்தார். பந்து எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் அவர் நிமிரக் கொஞ்ச நேரம் ஆனது. சரசாவுக்கு அவர் முதுகு குலுங்குவது தெரிந்தது. முப்பத்திரண்டு வருடத்தில் அவள் அதைப் பார்த்ததில்லை. "ஏசப்பா" என்று சொன்னாள், அதற்கு மேல் பிரார்த்தனை வரவில்லை.

அவர் நிமிர்ந்து, கட்டில் காலில் சாய்ந்து, தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். உடைந்த மாஸ்க்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் வெச்ச ஜாயின்ட்டு அப்பிடியே நிக்குது பாரு" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "அது ஒடையல. அதும் பக்கத்துல ஒடஞ்சிகீது. சூடு பட்ட எடம். இந்தக் கம்பிய மண்ணுல போட்டு மெதுவா ஆற விட்டிருக்கணும். தண்ணியில முக்குனா கண்ணாடி மாரி ஆயிடும். வேலைக்குச் சேர்ற பசங்களுக்கு மொத நாளு நான் சொல்லிக் குடுக்கற பாடம்டா இது. அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கற நானே முக்குனேன்."

"நைனா, அது வேற நாளு ஒடஞ்சது. அன்னிக்கு நான் மாஸ்க்கே போடல. சொன்னேன்ல?"

அமல்ராஜ் மாஸ்க்கைத் திருப்பி உள்பக்கத்து மெத்தையைக் காட்டினார். இடது பக்கத்தில் காய்ந்து கறுத்திருந்தது.

"அப்ப இது யார் ரத்தம்?"

விக்ரம் அந்த மெத்தையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அஞ்சு வாரம்டா. தெனம் உக்காந்து திட்டுனேன். நீ வாயத் தொறக்கல." அவர் குரல் உடைந்தது. பிறகு சமாளித்துக்கொண்டு, புது மாஸ்க்கைக் கையில் எடுத்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். "இது எப்போ குடுத்தாங்க?"

"சீசன் ஆரம்பத்துல."

"அப்ப, அன்னிக்கு இது உங்கிட்ட இருந்துச்சு."

"ம்."

"இத ஏன்டா போடல?"

ஐந்து வாரமாகப் பொய்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தவன், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எதையும் வைத்திருக்கவில்லை.

"அது... எனக்கு செட் ஆவல நைனா. டைட்டு."

அமல்ராஜ் கண்ணாடிக் காகிதத்தின் மேல் கட்டை விரலால் தடவினார். ஒட்டிய இடம் ஒட்டியபடியே இருந்தது.

"கவரே பிரிக்கலியேடா. பிரிக்காமலே டைட்டுன்னு எப்பிடித் தெரியும்?"

நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. தேவா எழுந்து நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும், உண்மையைச் சொல்லப் போகிறான் என்று விக்ரமுக்குப் புரிந்துவிட்டது. ஆடுகளத்தில் அவ்வளவு தூரத்திலிருந்தே தேவாவின் மனதைப் படித்தவன், நாலடி தூரத்தில் படிக்க மாட்டானா? விக்ரமின் வலது கை தொடையோரம் இறங்கியது. எல்லா விரல்களும் மடங்கின. வீசாதே. நில்.

தேவா அந்தக் கையைப் பார்த்தான். தரையில் உட்கார்ந்திருந்த கிழவரைப் பார்த்தான். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் தலையை ஆட்டினான்.

"நைனா" என்றான். "அத்த நான் சொல்றேன்."